பட்டியல் தவறு, கடலூர் சாட்சி

இந்தியக் கால்பந்தில் எக்காலத்திலும் தலைசிறந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை ஏறத்தாழ நிலைத்துவிட்டது. சுனில் சேத்ரி முதலிடம் அல்லது பி.கே. பானர்ஜி முதலிடம். அவர்களை அடுத்து சுனி கோஸ்வாமி, சைலேன் மன்னா, நெவில் டிசோசா, ஜர்னைல் சிங், பீட்டர் தங்கராஜ், ஐ.எம். விஜயன், பாய்ச்சுங் பூட்டியா. போடுகிறவரைப் பொறுத்து வரிசை மாறும், பெயர்கள் அதிகம் மாறுவதில்லை. பத்துப் பேரை இருபதாக நீட்டினாலும் அதில் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர் ஏறுவதில்லை. கடலூரிலிருந்து புறப்பட்டு இந்திய அணியின் நடுக்களத்துக்குப் போனவர் இந்துமதி கதிரேசன். 2023–24ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே அவரைத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயரைக் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ நடக்கும் ‘யார் பெரியவர்’ விவாதத்தில் யாராவது எடுத்தால், ‘அது வேறு கணக்கு’ என்ற பதில் வந்துவிடும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலை மறுப்பதற்காக எழுதப்படுகிறது.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பு சொல்வதை அதன் முழு வலிமையோடு சொல்லிவிட வேண்டும். ‘தலைசிறந்தவர்’ என்பது பாராட்டுப் பத்திரமல்ல, அளந்து சொல்ல வேண்டிய தீர்ப்பு என்கிறார்கள். அளக்க மூன்று அளவுகோல்கள் உண்டு: அடித்த கோல்களின் எண்ணிக்கை, வென்ற பட்டங்கள், எதிர்த்து ஆடியவர்களின் தரம். இந்த மூன்றும் யாருடைய ஊரையும் சாதியையும் பாலினத்தையும் கேட்பதில்லை. ஒரு காலத்தில் கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளும் அவற்றைச் சுற்றிய பத்திரிகைகளும் யாரைக் கொண்டாடினவோ அவர்தான் பெரியவர் என்றிருந்தது. எண்கள் வந்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. ஆகவே எண்களைச் சந்தேகிப்பவர் பழைய சலுகை அரசியலுக்குத்தான் கதவு திறக்கிறார். பெண்கள் கால்பந்து மதிக்கத்தக்கது, ஆனால் அதன் வேகமும் உடல்வலிமையும் போட்டிச் சூழலும் வேறு. அதற்குத் தனிப் பட்டியல் போடலாம், ஒன்றாகக் கலந்தால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது. இதுதான் அவர்கள் வாதம். இதில் அவமதிப்பு இல்லை. நேர்மையாகச் சிந்திப்பவர்கள் பலர் இதை நம்புகிறார்கள். அதனாலேயே இதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

1. கோல் எண்ணிக்கை எதைச் சொல்கிறது? சேத்ரி இந்தியாவுக்காக 95 கோல்கள் அடித்திருக்கிறார். உலக அளவிலேயே மிகச் சிலர் மட்டும் எட்டிய எண் அது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் எந்த எண்ணும் இரண்டு சேர்ந்து பிறப்பது: ஆடுபவரின் திறமை, அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள். 2005இல் முதல் ஆட்டம் ஆடிய சேத்ரி 2018இல் நூறாவது சர்வதேச ஆட்டத்தைத் தொட்டார். இந்தியப் பெண்களில் நூறு ஆட்டங்களை முதன்முதலில் எட்டியவர் ஆஷாலதா தேவி, அதுவும் 2024இல்தான். பெண்கள் கால்பந்து இந்தியாவில் நேற்றுப் பிறந்ததல்ல. 1975இலேயே அதற்கெனத் தனிச் சம்மேளனம் இருந்தது. அரை நூற்றாண்டில் ஒருவருக்குக்கூட அதற்கு முன் நூறு ஆட்டம் வாய்க்கவில்லை என்றால், குறை கால்களில் இல்லை, ஆட்ட அட்டவணையில் இருக்கிறது. 2009இல் போதிய ஆட்டங்கள் ஆடாத காரணத்தால் இந்தியப் பெண்கள் அணி ஃபிஃபா தரவரிசையிலிருந்தே நீக்கப்பட்டது. ஒயினம் பெம்பெம் தேவி 1995இல் பதினைந்து வயதில் இந்திய அணிக்குள் வந்து 2016 வரை ஆடினார். அவருடைய உச்ச ஆண்டுகள் விழுந்தது சரியாக இந்த வெற்றிடத்தில்தான். அவர் அடிக்காத கோல்களை அவர் கணக்கில் பற்று எழுதுவது எந்தக் கணக்கியல்? ஒருவர் கையில் மரக்காலையும் இன்னொருவர் கையில் ஆழாக்கையும் கொடுத்துவிட்டு, களத்தில் யார் அதிகம் அள்ளினார் என்று கேட்பதற்கு இது சமம்.

கோல் எண்ணிக்கையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அது முன்களத்தில் நிற்பவரை மட்டுமே பார்க்கிறது. இந்துமதி நடுக்களத்தில் ஆடுபவர். எதிரணியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது, அழுத்தம் வரும்போது திரும்பி நின்று பந்தைக் காப்பது, முன்னே ஓடுபவருக்கு முன்னதாகவே இடத்தைக் கண்டு பாஸ் கொடுப்பது ஆகியவை நடுக்கள வேலை. இவற்றில் பெரும்பகுதியை எண்ணுவதற்கு அன்று ஆளில்லை. பெண்களுக்கான இந்திய லீக்கின் தொடக்க ஆண்டுகளில் யார் எத்தனை முறை பந்தைக் கைப்பற்றினார், எத்தனை வாய்ப்புகளை உருவாக்கினார் என்ற முறையான கணக்கைத் தேடினால் கிடைக்காது. இருக்கும் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுகிறவர், இல்லாத எண்களுக்கெல்லாம் பூஜ்யம் போட்டுவிடுகிறார்.

இந்தத் தவறை விரிவாகப் பார்க்க உலகிலேயே அதிகம் பட்டியல் போடப்படும் விளையாட்டான அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக்குப் போக வேண்டும். மைக்கேல் ஜோர்டானா லெப்ரான் ஜேம்ஸா என்ற வழக்கு அங்கே முடிவில்லாமல் நடக்கிறது. அந்த லீக்கில் எதிராளியின் எறிதலைத் தடுத்த ‘பிளாக்’ கணக்கும் பந்தைப் பறித்த ‘ஸ்டீல்’ கணக்கும் அதிகாரபூர்வமாகப் பதிவாகத் தொடங்கியது 1973–74 பருவத்தில்தான். பதின்மூன்று பருவங்களில் பதினொரு பட்டங்கள் வென்ற பில் ரஸ்ஸல் 1969இல் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளிகள் எடுத்த வில்ட் சேம்பர்லெய்னின் கடைசிப் பருவம் 1973இல் முடிந்தது. ஆகவே, எதிராளியின் எறிதலைத் தடுப்பதற்கென்றே பிறந்தவர் என்று கூட ஆடியவர்கள் சாட்சி சொல்லும் ரஸ்ஸலின் பெயரில், அதிகாரபூர்வ ஏட்டில் ஒரு பிளாக்கூட இல்லை. அதற்காக அவரை யாரும் தடுப்பாட்டம் தெரியாதவர் என்று சொல்லவில்லை. ஏடு பேசாத இடத்தில், பார்த்தவர்களின் சாட்சியும் ஆட்டங்களின் முடிவும் ஏற்கப்படுகின்றன. ஆண்களுக்கு எளிதாகத் தரப்படும் இந்த நியாயம் கடலூர்ப் பெண்ணுக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்?

2. ஏடு யார் கையில் இருந்தது என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. 2024இல் கெய்ட்லின் கிளார்க் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் புள்ளிச் சாதனைகளை உடைத்துக்கொண்டு போனபோது, 1970களில் தென் கரோலினாவின் சிறிய கல்லூரிகளில் ஆடி 4,061 புள்ளிகள் எடுத்த பேர்ல் மூரின் பெயர் மீண்டும் பேச்சுக்கு வந்தது. கிளார்க் கல்லூரி வாழ்க்கையை முடித்தது 3,951 புள்ளிகளோடு. மூரின் எண் பெரியது. ஆனால் இன்றைய சங்கம் பெண்கள் விளையாட்டைக் கையிலெடுப்பதற்கு முன்பு வேறொரு சங்கத்தின் கீழ் எடுக்கப்பட்ட புள்ளிகள் என்பதால் அது சாதனை ஏட்டில் இடம்பெறவில்லை. நம் நாட்டிலும் இதுவே நடந்தது. 1975 முதல் 1990களின் தொடக்கம் வரை பெண்கள் கால்பந்தை நடத்தியது தனிச் சம்மேளனம். அது பிறகு அகில இந்தியச் சம்மேளனத்தோடு சேர்க்கப்பட்டது. அந்தச் சம்மேளனம் நடத்திய காலத்தில்தான் 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1983இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாம் இடம். அந்த அணியின் ஷாந்தி மல்லிக், அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை. அவர் எத்தனை ஆட்டம் ஆடினார், எத்தனை கோல் அடித்தார் என்பதைச் சேத்ரியின் எண்ணோடு ஒப்பிடும் அளவுக்கு முழுமையான ஏடு இல்லை. ஏடு இல்லாததற்கு ஷாந்தி மல்லிக் பொறுப்பல்ல. ஆனால் தண்டனை மட்டும் அவருக்கே விழுகிறது.

ஏடு இருந்தும் அழிந்துபோன சம்பவமும் உண்டு. 2022 ஜனவரியில் ஆசியக் கோப்பையை இந்தியாவே நடத்தியது. இரானோடு கோலின்றிச் சமன் செய்த பிறகு அணிக்குள் கோவிட் பரவியது. அடுத்த ஆட்டத்துக்குப் போதிய வீராங்கனைகளை இறக்க முடியவில்லை. இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கிடப்பட்டது, ஆடிய ஆட்டமும் செல்லாது என்றானது. அந்த அணியில் இந்துமதியும் இருந்தார். சொந்த மண்ணில் கண்டத்தின் பெரிய மேடையில் ஆடிய தொண்ணூறு நிமிடம் இன்று போட்டிக் கணக்கில் இல்லை.

3. ‘பட்டங்களைப் பார்’ என்பவருக்கு முதல் கேள்வி: ராபர்ட் ஹோரியை எங்கே வைப்பீர்கள்? அமெரிக்கக் கூடைப்பந்தில் அவர் ஏழு பட்டங்கள் வென்றவர். ஜோர்டானிடம் இருப்பது ஆறு. ஹோரி ஜோர்டானைவிடப் பெரியவர் என்று சொல்லும் ஒருவரையாவது காட்டுங்கள். பட்டம் அணியுடையது. அது ஆடுபவரின் மதிப்பைச் சுட்டலாம், அளந்துவிட முடியாது. இதை எல்லோரும் அறிவார்கள், தங்களுக்குப் பிடித்தவரை மேலேற்றும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் பட்ட வாதத்தின் பெரிய பிழை வேறிடத்தில் இருக்கிறது. பட்டம் வெல்ல முதலில் போட்டி இருக்க வேண்டும். பெண்களுக்கான முதல் உலகக் கோப்பை 1991இல் நடந்தது. ஆசிய விளையாட்டில் பெண்கள் கால்பந்து 1990இல் நுழைந்தது, ஒலிம்பிக்கில் 1996இல். இந்தியா ஆசியாவின் இரண்டாம் இடத்தில் நின்ற 1980இலும் 1983இலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 1991 உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து மூன்று அணிகள் போயின. எட்டாண்டு முன்னதாக அந்தக் கோப்பை பிறந்திருந்தால், ஆசியாவின் இரண்டாம் அணி என்ற முறையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை மேடையில் நின்றிருப்பார்கள். அந்தச் சாம்பியன்ஷிப்புகளில் சீனா இல்லை, வடகொரியா இல்லை, போட்டி வலுவில்லாதது என்று ஒருவர் குறுக்கிடலாம். குறுக்கீடு உண்மையானது. ஆனால் அதே பூதக்கண்ணாடியை ஆண்கள் பக்கமும் திருப்ப வேண்டும். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கால்பந்துப் போட்டியில் ஆறு அணிகள் மட்டுமே ஆடின. கொரியப் போரால் தென்கொரியா வரவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் நாம் இரண்டாம் இடம் பெற்றபோது இறுதிச் சுற்றில் இருந்தவை நான்கே அணிகள். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஹங்கேரி விலகியதால் நேராகக் காலிறுதிக்குப் போய், நெவில் டிசோசாவின் மூன்று கோல்களால் ஆஸ்திரேலியாவை வென்று, பிறகு இரண்டு ஆட்டங்களிலும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். இதையெல்லாம் பட்டியலிடுவது அந்த வீரர்களைச் சிறுமைப்படுத்த அல்ல. வெறுங்காலோடும் ரயில் பயணக் களைப்போடும் வளர்ந்த தலைமுறை அது. அவர்கள் இடம் அசையாது. நான் கேட்பது ஒன்றே. அவர்கள் சாதனையை அந்தக் காலத்தின் நிலைமையோடு சேர்த்து அன்போடு வாசிக்கத் தெரிந்த நமக்கு, 1983இன் பெண்களை வாசிக்கும்போது மட்டும் ஏன் தணிக்கையாளரின் கண் வந்துவிடுகிறது?

உள்நாட்டுப் பட்டங்களுக்கு வந்தால் வாதம் இன்னும் சரிகிறது. தேசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் என்றாலே மணிப்பூர் என்றிருந்தது. 2018இல் தமிழ்நாடு இறுதி ஆட்டத்தில் அதே மணிப்பூரை 2–1 என்று வீழ்த்திக் கோப்பையை முதன்முறையாகத் தெற்கே கொண்டுவந்தது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மீண்டும் எடுத்தது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் பெண்கள் இந்திய லீக்கை வென்றது. இந்த எழுச்சிக்குக் கடலூர் தந்த பங்கு பெரிது. இந்துமதி, சந்தியா ரங்கநாதன் என்று இந்திய அணிவரை போனவர்களின் வரிசை இங்கிருந்து கிளம்பியது. கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாதெமி 2018 பருவத்தில் தேசிய லீக்கின் இறுதிச் சுற்றிலேயே தனி அணியாக ஆடியது. சுனாமி அடித்துப்போன கடற்கரையைக் கொண்ட மாவட்டம், அரசு இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, மாநகரமோ பெரும் முதலாளியோ பின்னால் இல்லாமல் இதைச் சாதித்தது. ஆண்கள் கால்பந்தில் இந்த அளவு ஊரொன்று இந்த எண்ணிக்கையில் சர்வதேச வீரர்களைத் தந்திருந்தால் அதைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கும்.

4. எதிரணியின் தரம் என்ற மூன்றாவது அளவுகோலே இந்தப் பட்டியலின் உயிர்நாடி, அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. ‘பெண்கள் தெற்காசியப் பக்கத்து நாடுகளைத்தானே வென்றார்கள்’ என்கிறார்கள். சிலிகுரியில் 2017 ஜனவரியில் நடந்த தெற்காசிய இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை 3–1 என்று வென்றபோது இந்துமதியும் ஒரு கோல் அடித்தார். அதை ‘வங்கதேசம்தானே’ என்று ஒதுக்குகிறார்கள். சரி. சேத்ரியின் 95 கோல்களில் மாலத்தீவுக்கும் நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் எதிரானவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கணிசமானவை அங்கிருந்து வந்தவை. அவற்றை யாரும் கழித்துக் காட்டுவதில்லை. பக்கத்து நாட்டுக்கு எதிரான கோல் ஆணின் காலிலிருந்து வந்தால் சாதனை, பெண்ணின் காலிலிருந்து வந்தால் பயிற்சி ஆட்டம் என்பது அளவுகோல் ஆகாது.

பெண்கள் பெரிய அணிகளைச் சந்திக்கவே இல்லையா? 2021 நவம்பரில் மனாஸில் பிரேசிலிடம் 6–1 என்று தோற்ற ஆட்டத்தில் மனிஷா கல்யாண் எட்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்தார். பிரேசில் ஆண்கள் அணிக்கு எதிராக இந்திய ஆண் எவரும் கோல் அடித்ததில்லை, அந்த ஆட்டமே வாய்த்ததில்லை. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில், 2015லும் 2019லும் உலகக் கோப்பையில் ஆடிய தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2–1 என்று வென்று இந்தியப் பெண்கள் 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்று வழியாக அந்தக் கோப்பைக்கு இந்தியா போவது அதுவே முதல்முறை. இரண்டு கோல்களையும் அடித்த சங்கீதா பாஸ்ஃபோர் முன்கள வீராங்கனையல்ல, நடுக்களத்தில் ஆடுபவர். அதே ஆண்டு அக்டோபரில் ஆண்கள் அணி கோவாவில் சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது. ஒரு தோல்வியை வைத்து ஆண்கள் கால்பந்தை எடைபோட நான் வரவில்லை. எதிரணியின் தரத்தைப் பேச விரும்புகிறவர் இந்த இரண்டு முடிவுகளையும் ஒரே மேசையில் வைத்துப் பேசட்டும்.

5. கடைசியில் எல்லா வாதமும் வந்து நிற்கும் இடம் இதுதான்: ‘ஆண்கள் அணியோடு ஆடினால் பெண்கள் தோற்பார்கள்.’ தோற்பார்கள், அதில் ஐயமில்லை. அதிலிருந்து பட்டியலுக்கு எந்த முடிவும் வராது. 1956இன் ஒலிம்பிக் அணியை இன்றைய இந்தியன் சூப்பர் லீக் அணி ஒன்றோடு மோத விடுங்கள். இன்றைய உடற்பயிற்சியும் உணவும் வேகமும் அழுத்த ஆட்டமும் சேர்ந்து பழைய அணியை ஓட்டத்திலேயே களைக்க வைத்துவிடும். அப்படியிருந்தும் பி.கே. பானர்ஜியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள் என்று யாராவது சொல்கிறார்களா? 1962 ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக அவர் கோல் அடித்தது, தன் காலத்து எதிராளிகளை விஞ்சி. அதுதான் அவருடைய பெருமை. இன்றைய வீரரோடு நேருக்கு நேர் நிறுத்தி அந்தப் பெருமையை யாரும் சோதிப்பதில்லை. பட்டியல் போடுகிற ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஏற்றுக்கொண்டுவிட்ட விதி இது: ஆடுபவரை அவர் ஆடிய களத்துக்குள், அவர் சந்தித்த எதிராளிகளுக்கு நடுவில் வைத்து, எவ்வளவு தூரம் மேலெழுந்தார் என்று பார்க்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லுக்கே பொருளில்லை. இந்த ஆண்டின் பதினொருவரே எப்போதும் தலைசிறந்தவர்களாக இருப்பார்கள். விதியை ஏற்றுக்கொண்டால் பெம்பெம் தேவி உள்ளே வருகிறார். இருபதாண்டுகள் தன் களத்தில் தனக்கு நிகரில்லாமல் ஆடியவர் அவர். காலத்தைக் கடக்க ஒரு விதி, பாலினத்தைக் கடக்க அதற்கு நேர் எதிரான விதி என்று இரண்டு வைத்துக்கொண்டு ஒரே பட்டியல் போட முடியாது. எதிர்த்தரப்பு இதற்கு இதுவரை சொன்ன பதில் எதுவும் இந்த முரணைத் தீர்க்கவில்லை.

6. ‘அதனால்தான் தனிப் பட்டியல் என்கிறோம்’ என்பார்கள். தனிப் பட்டியல் மரியாதையான தீர்வு போலத் தெரியும். நடைமுறையில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். இரண்டு பட்டியலில் ஒன்றுக்கு ‘இந்தியக் கால்பந்தின் தலைசிறந்தவர்கள்’ என்று பெயர், மற்றதற்கு ‘பெண்கள் கால்பந்தின் தலைசிறந்தவர்கள்’ என்று பெயர். முதல் பட்டியலில் யாரும் ‘ஆண்கள்’ என்ற சொல்லைச் சேர்ப்பதில்லை. அந்த விடுபட்ட சொல் வழியாகத்தான் பணமும் மைதானமும் நினைவும் ஒரு பக்கமாக ஓடுகின்றன. ஆண்களுக்கான தேசிய லீக் 1996இல் தொடங்கியது. பெண்கள் லீக்கின் முதல் பருவத்துக்கு அதன் பிறகு இருபதாண்டுகள் ஆயின. அதிலும் முதல் சில பருவங்கள் ஓரிடத்தில் கூடிச் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாகவே நடந்தன. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறிமாறி ஆடும் முறை 2023–24 பருவத்தில்தான் வந்தது, அதுவும் ஏழு அணிகளோடு. தொழில்முறை வீராங்கனை என்ற சொல்லின் உள்ளடக்கம் இங்கே எவ்வளவு மெலிந்தது என்பதற்கு 2020 சாட்சி. ஊரடங்கில் கால்பந்து நின்றபோது, இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி தமிழ்நாடு காவல்துறையின் உதவி ஆய்வாளராகச் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றார். அந்த வேலை மதிப்புள்ளது, அவர் அதைப் பெருமையோடு செய்தார். ஆனால் அதே அளவு திறமையுள்ள ஆண் வீரர் ஒருவருக்கு அன்று கிளப் ஒப்பந்தமும் உடற்பயிற்சியாளரும் வீட்டு உடற்பயிற்சித் திட்டமும் இருந்தன. முழுநேரமும் கால்பந்துக்கே வாழ்ந்தவரின் எண்ணோடு, சீருடைப் பணிக்கும் களத்துக்கும் நடுவில் நேரத்தைப் பங்கிட்டவரின் எண்ணை வைத்துப் பார்த்து, ‘பார், குறைவு’ என்று சொல்வது நேர்மையல்ல.

விளைவு கீழேயும் பாய்கிறது. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறையில் படித்து வெளியே வருகிறவர்கள் மாவட்டமெங்கும் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர்களாகிறார்கள். அவர்கள் மனத்தில் எந்தப் பட்டியல் பதிந்திருக்கிறதோ, அதுதான் புவனகிரியிலோ பண்ருட்டியிலோ மாலை நாலரை மணிக்கு மைதானம் யாருக்கு என்பதை முடிவு செய்கிறது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘நான் யாரைப் போல ஆக வேண்டும் சார்’ என்று கேட்டால், அவளுக்குச் சொல்ல இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் பெயர்கள் இருக்கின்றன. பட்டியல் அந்தப் பெயர்களை மறைத்தால், ஆசிரியர் அவளுக்கு மெஸ்ஸியைக் காட்டுவார்.

7. இன்னொரு மறுப்பும் எழக்கூடும்: ‘அப்படியானால் கருணை அடிப்படையில் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?’ வேண்டாம். கருணை கேட்டு இந்த வரிகள் எழுதப்படவில்லை. மறக்கப்பட்டவர் என்பதாலேயே ஒருவர் தலைசிறந்தவர் ஆகிவிடமாட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த தமிழர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுதான். அந்தப் பெயர் தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரியாது என்பது வருத்தத்துக்குரியது. அதற்காக அவரை முதல் பத்தில் வைக்கச் சொல்ல மாட்டேன். இந்துமதியையும் முதல் பத்தில் வைக்கச் சொல்லவில்லை. அவர் காலத்து நடுக்கள வீராங்கனைகள் எல்லோரோடும் வைத்து, ஆட்டங்களைப் பார்த்தவர்களின் சாட்சியோடு, நாட்டின் நடுக்கள வீரர்கள் என்ற பெரும் வரிசையில் அவருக்கு உரிய இடத்தை வாதிட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன். முப்பதாவது இடமோ ஐம்பதாவது இடமோ, வாதிட்டுக் கிடைத்த இடமாக அது இருக்கட்டும். இப்போது நடப்பது வாதத்துக்கு முன்பே வெளியேற்றம்.

முதல் பத்தைப் பற்றி என்னிடம் கேட்டால் மழுப்பாமல் சொல்வேன். பி.கே. பானர்ஜி முதலில். சேத்ரி அவருக்கு மிக நெருங்கி இரண்டாவதாக. மூன்றாவது இடம் பெம்பெம் தேவிக்கு. பூட்டியாவுக்கும் விஜயனுக்கும் மேலே அவரை வைக்கக் காரணம், பூட்டியாவுக்கு இருந்த லீக்கும் விஜயனுக்கு இருந்த கூட்டமும் இல்லாத இடத்தில், தரவரிசையிலிருந்தே நீக்கப்பட்ட ஓர் அணியை மீண்டும் தெற்காசியாவின் முதல் அணியாக நிறுத்தி, இருபத்தோரு ஆண்டுகள் அதன் நடுவில் நின்று ஆடியவர் அவர் என்பதே. ஷாந்தி மல்லிக்குக்கு முதல் பதினைந்தில் இடம். இந்த வரிசையை யாரும் தாராளமாக மறுக்கலாம். மறுப்பவர் பெம்பெம் தேவியின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு மறுக்கட்டும். அவர் ஆடிய எதிராளிகள், அவர் காலத்தின் நிலைமை, அவரோடு ஆடியவர்கள் சொன்னவை எல்லாவற்றையும் வைத்து, சுனி கோஸ்வாமி அவரைவிட ஏன் பெரியவர் என்று நிறுவட்டும்.